வலித்தது கீழ்ப்பல், துளைத்தது மேல்பல்: எக்ஸ்ரேயை நம்பி நான் ஏமாந்த கதை

பல் மருத்துவமனைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் படிக்காமல் போனவன். ஒரே ஒரு எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னதை நம்பி, நல்ல பற்களாகவே இருந்திருக்கக்கூடிய இரண்டைத் துளைக்கக் கொடுத்துவிட்டு, எந்தப் பல் வலிக்கிறது என்று போனேனோ அதை வலியோடே திரும்பக் கொண்டுவந்தேன்.

வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் விநோதமான ஒரு வலி. எப்போதும் இருக்காது. கெட்டியாக எதையாவது கடித்துவிட்டுப் பல்லை விடுவிக்கிற அந்த நொடியில் மட்டும் சுரீரென்று இழுக்கும், உடனே போய்விடும். இரண்டு மாதம் இடது பக்கமாகவே மென்று சமாளித்தேன். அப்புறம் முடியாமல் போனேன்.

வரவேற்பில் ஒரு படிவம் நிரப்பினேன். அடுத்த நிமிடமே உதவியாளர் ஒருவர் என்னை ஒரு சின்ன அறைக்குள் அழைத்துப்போய், ஒரு இயந்திரத்தின் முன் நிற்கவைத்து, பிளாஸ்டிக் குச்சி ஒன்றை முன்பற்களால் கடித்துக்கொள்ளச் சொன்னார். "டாக்டர் இன்னும் பார்க்கவே இல்லையே?" என்றேன். "புதுசா வர்ற எல்லாருக்கும் முதல்ல ஓ.பி.ஜி. எடுத்துடுவோம் சார்" என்றார். தாடை முழுவதையும் எடுக்கிற எக்ஸ்ரே அது. இந்த ஒரு வரியிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

டாக்டர் திரையைத்தான் முதலில் பார்த்தார். இரண்டு தாடையும் முப்பது சொச்சம் பற்களும் அகலமாக விரிந்திருந்த படம். மேலே இடது பக்கம் பேனாவால் தட்டி, "இங்க பாருங்க, பல்லுக்கு நடுவுல கறுப்பா தெரியுதா? மூணு பல்லுல சொத்தை. இன்னைக்கு ரெண்டு அடைச்சிடலாம், அடுத்த தடவை மூணாவது. விட்டா ரூட் கெனால்ல போய் நிக்கும்" என்றார். வலி கீழே வலது பக்கம் என்று நினைவுபடுத்தினேன். கண்ணாடியை வாய்க்குள் விட்டு ஓர் ஐந்து நொடி பார்த்திருப்பார். "படத்துல அங்க ஒண்ணும் இல்லை. கூச்சமா இருக்கும். பேஸ்ட் எழுதித் தர்றேன்."

படத்தில் கறுப்பாகத் தெரிகிறது, டாக்டரும் சொல்கிறார், நான் என்ன மறுத்துப் பேச முடியும்? மரத்துப்போக ஊசி போட்டார்கள், அரை மணி நேரத்தில் இரண்டு பல்லும் துளைத்து அடைக்கப்பட்டன. பேஸ்ட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். கீழ்ப்பல் வலி அப்படியே இருந்தது. மூன்று வாரத்தில் கூடியது.

வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னிடம் பேசினார். "கடிக்கும்போது வலிக்குதா, விடும்போது வலிக்குதா?" விடும்போது என்றதும் அவர் முகமே மாறியது. சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்து, அந்தப் பல்லின் ஒவ்வொரு மேட்டின் மீதும் தனித்தனியாக வைத்துக் கடித்து விடச் சொன்னார். மூன்றாவது மேட்டில் நான் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். பிறகு பல்லின் பக்கவாட்டில் பளிச்சென்று ஒரு விளக்கைப் பிடித்தார். ஒளி பாதிப் பல்லோடு நின்றது. அங்கே ஒரு விரிசல்.

அதற்குப் பிறகுதான் ஒரு எக்ஸ்ரே எடுத்தார், அந்தப் பல்லுக்கு மட்டும், சின்னதாக ஒன்று. எடுப்பதற்கு முன்பே சொன்னார்: "விரிசல் இதுல தெரியும்னு எதிர்பார்க்காதீங்க, பெரும்பாலும் தெரியாது. வேர் நுனியில எலும்பு எப்படி இருக்குன்னு பார்க்கத்தான் எடுக்குறேன்." எலும்பு நன்றாக இருந்தது. பல்லுக்கு உறை போட்டார்கள். வலி போனது.

உறை போட்டு முடிந்த நாளில்தான் மேலே அடைத்த பற்களைப் பற்றிக் கேட்டேன். பழைய படத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். அங்கே அடுத்த கூத்து. முதல் மருத்துவமனையில் முதல் முறை கேட்டபோது சிஸ்டம் மாற்றிவிட்டோம் என்றார்கள். இரண்டாம் முறை, கணினித் திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். என் பல்லைவிட அந்த அறையின் ட்யூப்லைட்தான் அதில் தெளிவாகத் தெரிந்தது. எழுத்துமூலம் கேட்ட பிறகே அசல் கோப்பு வந்தது.

அதைப் பெரிதாக்கிப் பார்த்த இரண்டாவது மருத்துவர் யாரையும் குறை சொல்லவில்லை. "ஏற்கெனவே துளைச்ச பல்லுல என்ன இருந்ததுன்னு இப்ப என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா இந்தப் படத்தை மட்டும் வெச்சு நான் துளைச்சிருக்க மாட்டேன்" என்றார். துளைக்காமல் மிச்சமிருந்த மூன்றாவது பல்லுக்கு, பல் இடுக்குகளைக் காட்டுகிற பைட்விங் என்ற சின்ன எக்ஸ்ரே ஒன்றை முறையாக எடுத்துப் பார்த்தார். விளக்கடித்தும் பார்த்தார். சொத்தை எதுவும் இல்லை.

அன்றைக்கு அவர் எனக்கு விளக்கியதும், அதற்குப் பிறகு நானே தேடித் தெரிந்துகொண்டதும்தான் இனி வருபவை.

ஓ.பி.ஜி. என்பது தலையைச் சுற்றி இயந்திரம் சுழன்று எடுக்கிற படம். தாடை முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். ஞானப்பல் எப்படிப் படுத்திருக்கிறது, தாடையில் கட்டி இருக்கிறதா, எலும்பு முறிந்திருக்கிறதா, குழந்தைக்கு உள்ளே எத்தனை பற்கள் காத்திருக்கின்றன என்பதற்கெல்லாம் அருமையான படம். ஆனால் வளைந்த தாடையைத் தட்டையாக விரித்துக் காட்டுவதால், பக்கத்துப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரியும், முக்கியமாகச் சின்னக் கடைவாய்ப் பற்கள் இருக்கும் இடத்தில். நுணுக்கமும் குறைவு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கிற சிறு சொத்தையைப் பார்க்க எடுக்க வேண்டியது பைட்விங். சின்ன சென்சாரை வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொல்லி எடுப்பார்களே, அது. மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒரே படத்தில் வரும், நடு இடைவெளிகள் திறந்து தெரியும். ஒரு குறிப்பிட்ட பல்லின் வேர் நுனிவரை பார்க்க வேண்டுமானால் ஐ.ஓ.பி.ஏ. என்கிற சின்னப் படம். எந்தக் கேள்விக்கு எந்தப் படம் என்று இருக்கிறது. எனக்கு எடுத்தது கேள்வியே இல்லாத படம்.

அடுத்து அந்தக் கறுப்பு. எக்ஸ்ரேயில் கதிர் சுலபமாகக் கடந்துபோகிற இடம் கறுப்பு, தடுக்கப்படுகிற இடம் வெள்ளை. பல்லின் மேல்பகுதியில் கெட்டியான எனாமல் உண்டு. வேரைச் சுற்றி எலும்பு உண்டு. இரண்டுக்கும் நடுவே, பல்லின் கழுத்தில், இரண்டும் இல்லை. அதனால் முழு ஆரோக்கியமான பல்லிலும் கழுத்துப் பகுதியில் மங்கலாக ஒரு கறுப்பு முக்கோணம் தெரியலாம். பழகிய கண்ணுக்கு அது நிழல் என்று புரியும். அவசரக் கண்ணுக்கும் ஆசைக் கண்ணுக்கும் அதுவே சொத்தை. இதைப் போலவே, கதிரைத் தடுக்காத சில பழைய பிசின் அடைப்புகளும் கறுப்பாகத் தெரியும். கீழ்த்தாடையில் நரம்பு வெளியே வருவதற்கென்று இயற்கையாகவே ஒரு துளை உண்டு. அது சின்னக் கடைவாய்ப் பல்லின் வேர் நுனிக்கு நேராக விழுந்துவிட்டால் சீழ்க்கட்டி போலவே இருக்கும். வேறு கோணத்தில் இன்னொரு படம் எடுத்தாலோ, பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று குளிர்ச்சி வைத்துச் சோதித்தாலோ உண்மை தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் ரூட் கெனால் என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

படம் பொய்யாகக் கறுப்பைக் காட்டுவது ஒரு பக்கம். உண்மையான கோளாறைக் காட்டாமல் விடுவதும் நடக்கும். ஓரிடத்தில் தாதுச் சத்தில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் கரைந்த பிறகுதான் அது எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். வேர் நுனியில் எலும்பு கரைவதும் அப்படித்தான், தாமதமாகவே தெரியும். விரிசல் பெரும்பாலும் தெரியவே தெரியாது. எனவே "படத்துல ஒண்ணும் இல்லை" என்பதை "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

உண்மையிலேயே சொத்தை இருந்தாலும் துளைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, இதை எனக்கு யாரும் முன்பு சொன்னதில்லை. சொத்தை எனாமலுக்குள் மட்டும் இருந்து, மேற்பரப்பு உடைந்து குழி விழாமல் இருந்தால், ஃப்ளோரைடு பூசி, பல் இடுக்கைச் சுத்தமாக வைத்து, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். பலருக்கு அது அங்கேயே நின்றுவிடும். எனாமலைத் தாண்டி, அதற்கு அடியில் இருக்கிற டென்டின் என்ற அடுக்குக்குள் நன்றாகப் போயிருந்தால் கதை வேறு. ஆகவே, சொத்தை என்று சொன்னவுடன் கேட்க வேண்டியது இது: எனாமலோடு நிற்கிறதா, டென்டினுக்குள் போயிருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா? துளைத்த பல் திரும்ப முளைக்காது. அடைப்பும் ஆயுளுக்கு நிற்காது, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஓட்டை கொஞ்சம் பெரிதாகும்.

சரி, கதிர்வீச்சு. இந்த மாதிரிப் பதிவுகளில் பாதி, புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துவதிலேயே முடிகிறது. நான் அதைச் செய்யப்போவதில்லை. டிஜிட்டல் சென்சாரில் எடுக்கும் ஒரு சின்னப் படத்தின் கதிர்வீச்சு பொதுவாக 10 மைக்ரோசீவர்ட்டுக்கும் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவு. ஓ.பி.ஜி. சுமார் 10 முதல் 25 வரை. சும்மா பூமியில் நடமாடுவதற்கே இயற்கையிலிருந்து நமக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட், அதாவது நாளொன்றுக்கு ஆறேழு மைக்ரோசீவர்ட் கிடைக்கிறது. 1896ல் ஓட்டோ வால்க்ஹாஃப் என்ற ஜெர்மன் பல் மருத்துவர் தன் பல்லைப் படம் பிடிக்க 25 நிமிடம் கதிரில் கிடந்தார். இன்றைக்கு ஒரு நொடியின் சிறு பகுதி போதும். அதனால் தேவையான எக்ஸ்ரேயை மறுக்காதீர்கள். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் அவசரத் தேவையென்றால் அப்போதும் எடுக்கலாம்.

அளவு உண்மையிலேயே யோசிக்கவைப்பது சி.பி.சி.டி. என்கிற முப்பரிமாண ஸ்கேனில்தான். படம்பிடிக்கும் பரப்பைப் பொறுத்துச் சில பத்து மைக்ரோசீவர்ட்டிலிருந்து பல நூறு வரை போகும். எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் வைக்கவோ, நரம்பை ஒட்டிக் கிடக்கிற ஞானப்பல்லை எடுக்கவோ அது உதவும். என் அக்கா மகனுக்குப் பல் கம்பி போடப் போன இடத்தில், எடுத்த எடுப்பிலேயே அதைச் சொன்னார்கள். "சாதாரணப் படத்துல தெரியாத எதைத் தேடுறீங்க?" என்று அக்கா கேட்டிருக்கிறார். பதில் இல்லை. சாதாரணப் படங்களை வைத்தே கம்பி போட்டார்கள். அக்காவுக்கு இருந்த தெளிவு எனக்கு இல்லை.

அசட்டுத்தனமான ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பட்ட அனுபவத்தில், இரண்டாவது மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்கும்போது "ஈய மேலங்கி ஏன் போடவில்லை?" என்று விறைப்பாகக் கேட்டுவைத்தேன். 2024ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே மேலங்கியும் கழுத்துப் பட்டையும் வழக்கமாகத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது என்று அவர் பொறுமையாக விளக்கினார். கதிரைச் செவ்வக வடிவில் குறுக்கி, சென்சாரின் அளவுக்கு மட்டும் விழவைப்பதே பெரிய பாதுகாப்பு என்று தன் கருவியின் முனையையும் காட்டினார். போட்டால் தப்பில்லை, போடாததால் மோசடியும் இல்லை. சண்டையை வேறு இடத்தில் போடுங்கள்.

அந்த வேறு இடம் "எல்லாருக்கும் எடுப்போம்" என்கிற பேச்சு. அதே சங்கமும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் சேர்ந்து 2012ல் வெளியிட்ட பரிந்துரை, வாயைப் பரிசோதித்து, பழைய படங்களைப் பார்த்த பிறகே புதிய எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்யச் சொல்கிறது. சொத்தை இல்லாத, வரும் அபாயமும் குறைவான பெரியவர்களுக்கு பைட்விங் 24 முதல் 36 மாதத்துக்கு ஒருமுறை. அபாயம் அதிகமென்றால் 6 முதல் 18 மாதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனைவருக்கும் என்று அதில் எங்கும் இல்லை.

இப்போதெல்லாம் நான் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "இந்தப் படத்துல எதைத் தேடுறீங்க டாக்டர்?" நல்ல மருத்துவர் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். கோபப்படுகிறவரை இதுவரை ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன், அவரிடம் நான் உட்காரவில்லை. அப்புறம், எந்தப் படம் எடுத்தாலும் அன்றைக்கே அசல் கோப்பை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகிறேன். திரையைக் கைபேசியில் பிடித்தது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் பழைய படம் இருந்தால் இன்னொரு முறை எடுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், துளைப்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டலாம். அறிகுறியே இல்லாத ஒரு சொத்தை ஒரு வாரம் தாமதித்ததால் ரூட் கெனாலுக்குத் தாவிவிடாது.

உறை போட்ட கீழ்ப்பல் நன்றாக இருக்கிறது. மேலே அடைத்த இரண்டில் ஒன்று, குளிர்ந்த தண்ணீர் பட்டால் இப்போதும் கூசுகிறது. துளைப்பதற்கு முன் அப்படிக் கூசியதில்லை. மூன்றாவது பல்லை அடைக்க வரச்சொல்லி அந்த மருத்துவமனையிலிருந்து மாதத்துக்கு ஒரு குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கிறது. போன வாரமும் வந்தது.