அறுபது வருஷச் சேலையில் இருபது வருஷ முத்திரை

அக்கா மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். "சித்தி, முகூர்த்தத்துக்கு எது வேணும்னாலும் எடுங்க. மறுவீட்டுக்கு மட்டும் ஆச்சி கட்டுன மாதிரி பழைய பட்டுதான் கட்டுவேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். வாடாமல்லி உடல், அரக்குக் கரை, கரையில் தாழம்பூ ரேக்கு. போனில் தேடி அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். 'வின்டேஜ் காஞ்சிபுரம், 1960-கள், ஒரே ஒரு பீஸ்' என்று போட்டிருந்தது. 9,500 ரூபாய் கட்டினோம். நாலாம் நாள் பாளையங்கோட்டை வீட்டுக்குப் பார்சல் வந்தது.

முந்தி மூலையில் 'காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு' என்று ஒரு துணி லேபிள் தைத்திருந்தது. பக்கத்திலேயே நூலில் கட்டிய சில்க் மார்க் சீட்டு, ஹாலோகிராம் மினுங்கத் தொங்கியது. பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியளா சித்தி, கவர்மெண்டு சீலே இருக்கு."

எனக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. சில்க் மார்க் ஏற்பாட்டை மத்திய பட்டு வாரியம் கொண்டுவந்ததே 2004-ல். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு அதற்கும் பிறகு. கைத்தறி முத்திரை 2006-ல் வந்தது. 1960-களில் தறியிலிருந்து இறங்கிய சேலையில் இதில் ஒன்றுகூட இருக்க வழியில்லை. எங்கம்மை பெட்டியில் இருக்கும் நாலு பட்டில் எதிலும் ஒரு லேபிளும் கிடையாது. பழைய சேலைக்கு அத்தாட்சி துணியில்தான் இருக்கும். சீட்டைக் காட்டி வயசு சொல்கிறவரிடம்தான் முதலில் உஷாராக இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ரெண்டு மாசமாக நானும் அக்காவும் இதே வேலையாக அலைந்தோம். ஆச்சி காலத்துப் பட்டு வேண்டும் என்றால் திருநெல்வேலிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்னென்ன வழி, எதில் எவ்வளவு ஏமாற்று என்று கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

போனில் வாங்குவது

வந்த சேலையைக் கட்டிலில் விரித்து, முதலில் உள்பக்கத்தைத் திருப்பினேன். அசல் காஞ்சிபுரத்தில் கரைக்கும் உடலுக்கும் வேற நிறம் என்றால் அதைக் கோர்வை போட்டு நெய்திருப்பார்கள். உடலுக்கு ஒரு நாடா (நூலைக் குறுக்கே ஓட்டுகிற தறிக்கருவி), ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா என மூன்று ஓடும். குறுக்கே ஓடுகிற ஊடு நூலில், உடலினதும் கரையினதும் சேருமிடத்தில் ஒன்றோடு ஒன்று பின்னித் திரும்பும். உள்பக்கம் அந்த இடத்தை விரலால் தடவினால் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். உடலின் நிறம் கரைக்குள் போகாது. எங்களுக்கு வந்த சேலையிலோ வாடாமல்லி நூல் கரையின் அந்தக் கடைசி வரைக்கும் நேராக ஓடியிருந்தது. அதனால்தான் அரக்கு சுத்த அரக்காக இல்லாமல் வெளிச்சத்தில் ஊதா அடித்தது.

அடுத்து முந்தி. முந்திக்கு வேற நிறம் வேண்டுமானால் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலையே மாற்றிப் பிணைப்பார்கள். அதற்குப் பேட்னி என்று பெயர். பிணைத்த இடத்தில் ஒரு பட்டை மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் தடித்துத் தெரியும். இதில் அப்படி ஒன்றுமே இல்லை. கத்திரித்த மாதிரி ஒரு கோட்டில் நிறம் மாறியது.

முந்தி நுனியில் ஒரு ஜரிகை இழையை உருவினேன். சுத்த ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றியது. நகத்தால் சுரண்டி முறுக்கைப் பிரித்தால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சிவப்பாக இருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. இதிலும் சிவப்பு இழைதான் இருந்தது. அதைத் தீக்குச்சியில் காட்டினேன். பட்டாக இருந்தால் முடி பொசுங்குகிற வாடை வரும், கருகியது விரலில் பொடியாகும். இது சுருண்டு உருகி, ஆறின பிறகு கடுகு மாதிரி கெட்டியாக ஒரு உருண்டையாக நின்றது. பாலியஸ்டர். மிச்ச இழையை டவுனில் தெரிந்த நகைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் உரைகல்லில் இழுத்துத் திராவகம் ஒரு சொட்டு விட்டார். பச்சையாகப் பொங்கியது. "செம்புதாம்மா, மேல பூச்சு" என்றார்.

உடல் நூலையும் எரித்துப் பார்த்தேன். அதுவும் உருண்டைதான்.

பழசு மாதிரித் தெரிந்ததே, அது எப்படி என்று அக்கா கேட்டாள். நிறத்தை மங்க வைத்திருந்தார்கள், ஆனால் சேலை முழுக்க ஒரே மாதிரி மங்கியிருந்தது. ஐம்பது வருஷம் மடித்து வைத்த பட்டு அப்படி மங்காது. மடிப்பின் வெளி ஓரம் வெளுக்கும், உள்மடிப்பில் நிறம் அப்படியே இருக்கும். ஜரிகை கனத்தில் அதே மடிப்பில் நூல் நைந்து கீறல் விடும். வெள்ளி ஜரிகை அங்கங்கே கறுத்திருக்கும். இந்தக் கெடுதல்கள்தான் வயசின் கையெழுத்து.

போனில் விற்கிறவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசில்லை. பிறகு தேடினபோது ஒருவர் நான் கேட்காமலே சேலையின் உள்பக்கத்தை வீடியோ எடுத்து அனுப்பினார். எந்த மடிப்பில் கீறல், எங்கே எண்ணெய்க் கறை என்று தானே காட்டினார். லேபிள் என்ற பேச்சே எடுக்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் தாராளமாக வாங்கலாம். முன்பக்கம் மட்டும் காட்டி, "பழைய துணி, ரிட்டர்ன் கிடையாது" என்று முதல் வரியிலேயே போடுகிறவரிடம் வேண்டாம். 'செமி சில்க்', 'காஞ்சி பேட்டர்ன்' என்ற வார்த்தைகளுக்கும் மயங்க வேண்டாம். 'ஆர்ட் சில்க்' என்பதைக் கலைநயமான பட்டு என்று நினைத்து வாங்கினவர்களை எனக்கே தெரியும். அதற்கு அர்த்தம் செயற்கைப் பட்டு.

பணம் திரும்ப வந்ததா என்றால், வந்தது, கூரியர் செலவு போக. காரணம் ஒன்றே ஒன்று: பார்சலைப் பிரிக்கும்போதே பிள்ளை வீடியோ எடுத்திருந்தாள். அதையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் போட்டோம். இருபது நாள் ஆனது. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. போலியாகப் புவிசார் குறியீட்டைப் போடுவது தனிக் குற்றம். 1999-ம் வருஷச் சட்டப்படி ஆறு மாசத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. லேபிள் தைத்து விற்கிறவனுக்கு இது தெரிந்திருக்கும். வாங்குகிற நமக்குத்தான் தெரியவில்லை.

பழைய பட்டு வியாபாரியிடம்

"பழைய பட்டுச் சேலை, கிழிஞ்ச பட்டுச் சேலை வாங்குறோம்" என்று மைக் கட்டி வண்டியில் வருவார்களே, அவர்கள் ஜரிகைக்காக வாங்குகிறவர்கள். சேலையை எரித்து வெள்ளியை எடுப்பார்கள். அதனால் ஜரிகையைப் பார்த்துத் தரம் சொல்ல இவர்களைப் போல ஆள் கிடையாது. சொன்னால் சரி. சொல்வதில்லை என்பதுதான் கஷ்டம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மை தன் கல்யாணச் சேலையை எடுத்து வந்து காட்டினார்கள். வந்தவர் முந்தியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது செம்பு ஜரிகை தாயி, எரிச்சா ஒண்ணும் தேறாது. எறநூறு தாரேன்" என்றார். நான் நடுவில் புகுந்து, "அண்ணாச்சி, அப்ப விட்டுருங்க, பட்டறைல உரசிப் பாத்துட்டு வாரோம்" என்றேன். ஆயிரத்து ஐநூறுக்கு ஏறினார். தெருமுனை திரும்பும் முன் மூவாயிரம். உரசியும் பார்த்தோம், வெள்ளிதான். அந்தச் சேலை அவர் கைக்குப் போயிருந்தால், கிழிசல் குறைவு என்பதால் எரிக்காமல், 'சுத்த வெள்ளி ஜரிகை' என்று வேறொருவருக்குப் பல மடங்கு விலையில் போயிருக்கும். ஒரே சேலை, விற்கிற பெண்ணிடம் செம்பு, வாங்குகிற பெண்ணிடம் வெள்ளி.

ஆனாலும் போனோடு ஒப்பிட்டால் வியாபாரி ஒரு விதத்தில் மேல். துணி கையில் வருகிறது. திருப்பலாம், தடவலாம், ஒரு இழை உருவிக் கேட்கலாம். அவர் லேபிள் எதையும் தைப்பதில்லை. பில்லும் தருவதில்லை என்பது இதன் மறுபக்கம். வெளியே வந்த பிறகு கேட்க நாதி கிடையாது. துணி பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் கூட வராமல் போக வேண்டாம்.

லேபிளே உதவுகிற துணியும் உண்டு

அக்கா மகன் குறுக்கே வந்து, "அப்ப எங்க லீவைஸ் ஜீன்ஸுக்கு லேபிள வச்சுத்தான சித்தி வருஷம் சொல்லுதாங்க" என்று கேட்டான். உண்மைதான். அந்தக் கம்பெனி பின்பாக்கெட்டில் சிவப்புப் பட்டியை 1936-ல் தைக்க ஆரம்பித்தது. 1971 வரை அதில் பெயரின் எல்லா எழுத்தும் பெரிய எழுத்து. அதன்பிறகு 'ஈ' மட்டும் சின்ன எழுத்தானது. அதனால் பெரிய 'ஈ' இருந்தால் பழசு என்று விலை ஏறும். ஆனால் அதே கம்பெனி பழைய மாதிரிகளைத் திரும்பத் தைத்து விற்கும்போது பெரிய 'ஈ'-யையே போடுகிறது. போலி தைக்கிறவனுக்கோ அரை அங்குலப் பட்டி ஒரு பெரிய வேலையா? அவன் 'அந்தக் காலத்து ஜீன்ஸ்' என்று 2,800 ரூபாய்க்கு வாங்கி வந்ததில் பெரிய 'ஈ' இருந்தது. உள்ளே இருந்த துவைப்புக் குறிப்புச் சீட்டில் இணையதள முகவரியும் இருந்தது. 1971-க்கு முந்தைய துணியில் இணையதளம்!

மேலே தெரிகிற லேபிளை மாற்றத் தெரிந்தவர்கள் உள்ளே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். சேலையில் உள்பக்கம், ஜீன்ஸில் உள்சீட்டு.

புதுசாகவே எடுப்பது

இங்கேதான் முத்திரைகளுக்கு உண்மையான மதிப்பு. ஆனால் எந்த முத்திரை எதைச் சொல்கிறது என்பதில் படித்தவர்களே குழம்புகிறார்கள். சில்க் மார்க் சொல்வது, நூல் சுத்தப் பட்டு என்பதை மட்டும். கையால் நெய்ததா, எந்த ஊரில் நெய்தது, ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று அது ஒன்றும் சொல்லாது. விசைத்தறியில் ஓடிய சுத்தப் பட்டுக்கும் சில்க் மார்க் முறைப்படியே கிடைக்கும். கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்கிறது. புவிசார் குறியீடு ஊரையும் நெய்கிற முறையையும் சொல்கிறது. ஜரிகைக்கு இந்த முத்திரைகளை மட்டும் நம்பி இருக்க முடியாது. அதற்குக் கடையில் பில்லிலேயே வெள்ளி, தங்க அளவை எழுதித் தரச் சொல்ல வேண்டும். 1935-லிருந்து நடக்கிற கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ எடுத்தால், பின்னால் கேட்க ஒரு இடமாவது இருக்கும். பழைய மாதிரியைக் காட்டி, கோர்வை போட்டே நெய்து தரவும் சொல்லலாம். காத்திருக்க வேண்டும், விலையும் கூட. எங்களுக்குத் தைக்குள் வேண்டும் என்பதால் அந்த வழி அடைபட்டது.

பழசு மாதிரி வேண்டும் என்றதும் எல்லாரும் ஏன் காஞ்சிபுரத்தையே தேடுகிறோம் என்று எனக்கு ஆதங்கம். சேரன்மகாதேவி தாண்டினால் வீரவநல்லூர். அங்கே சௌராஷ்டிர நெசவாளர்கள் செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்து நெய்கிற செடிபுட்டாச் சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடம்பெல்லாம் சின்னச் சின்னச் செடி. பஸ் ஏறிப் போய், நெய்கிற ஊரிலேயே, திருப்பிப் பார்த்து வாங்கலாம். இதில் செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்திருப்பது குறை ஆகாது, அதுதான் அந்தச் சேலை. 'சுத்தப் பட்டு செடிபுட்டா' என்று யாராவது விற்றால், அங்கேயே பொய் தெரிந்துவிடும்.

எங்கள் முடிவு

போன் கடையை மூன்றில் கடைசியாக வைக்கிறேன். உள்பக்கம் காட்டுகிறவர் மட்டும் விதிவிலக்கு. வியாபாரி, துணி தெரிந்த துணை இருந்தால். விலையும் நேரமும் கைகொடுத்தால் சங்கத்துப் புதுச் சேலைதான் முதல். இதற்கெல்லாம் முன்னால் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும், நாங்கள் அதைக் கடைசியில்தான் செய்தோம். எங்கம்மையின் அரக்குக் கரைச் சேலையில் உடல் மடிப்புக்கு மடிப்பு கிழிந்துவிட்டது. கரையும் முந்தியும் ஜரிகை கறுத்திருந்தாலும் ஒரு இழை விடவில்லை. கரையைப் பிரித்துப் புது வாடாமல்லிப் பட்டில் வைத்துத் தைத்துத் தருகிற ஒருவர் டவுனில் இருக்கிறார். போன வாரம் கொடுத்துவிட்டு வந்தோம். கறுப்பைப் பாலிஷ் போட்டு எடுத்துரவா என்று கேட்டார். பிள்ளை வேண்டாம் என்றுவிட்டாள்.