சிர்கோனியத் தாய்க்கலவைக் கட்டிகள்: ஆறு மாத அனுபவம்

ஆறு மாதமாக எங்கள் வார்ப்பகத்தில் இசட்இ41 என்ற மெக்னீசியக் கலவையின் படிகமணிகளைச் சிறிதாக்க இந்தக் கட்டிகளைத்தான் போடுகிறோம். மூன்றில் ஒரு பங்கு சிர்கோனியம், மீதி மெக்னீசியம். சரக்கு அருமையானது. கூடவே வந்த குறிப்புத் தாள்தான் என்னைக் கைவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சிர்கோனியம் போடாமல் வார்த்த சோதனைத் தண்டை முறித்தால், முறிந்த முகத்தில் படிகமணிகள் மைக்காச் சில்லுகளைப் போலத் தனித்தனியாக மின்னும். இக்கட்டிகளைச் சேர்த்து வார்த்த தண்டின் முகமோ சாணைக்கல்லைப் போல ஒரே சாம்பல் நிறம்; மணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை. அமிலம் பூசி நுண்ணோக்கியில் அளந்தேன்: 50 மைக்ரானை ஒட்டி வந்தது. முதல் நாள் அதைப் பார்த்தபோது உண்மையாகவே மனம் நிறைந்தது.

சிர்கோனியத்தின் படிக அமைப்பும் மெக்னீசியத்தைப் போலவே அறுகோணம்தான்; அணு இடைவெளியிலும் வேறுபாடு மிகச் சிறிது. அதனால் உறையும் மெக்னீசியம் சிர்கோனியத் துகளைத் தன் சொந்த விதையாக எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனியில் 1937-லேயே கண்டறிந்த உண்மை இது. இன்றுவரை இதற்கு ஈடான இன்னொன்று கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

இனி என் மனக்குறை. உருகிய மெக்னீசியத்தின் அடர்த்தி 1.6-ஐ ஒட்டியது, சிர்கோனியத்தினுடையது 6.5. உருகலின் எடையில் ஏறத்தாழ அரை சதவீத அளவு சிர்கோனியம்தான் கரையும், மிச்சம் துகளாகவே நிற்கும். கலக்குவதை நிறுத்தினால் அது அடியில் படியத்தானே செய்யும்? குறிப்புத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது வாரம் அச்சுகள் தயாராகத் தாமதமானதால் உருகலை முக்கால் மணி நேரம் மூசையிலேயே (உருக்கும் கலத்திலேயே) வைத்திருந்தோம். அன்று வார்த்த உறைகளை அறுத்துப் பார்த்தால் மணிகள் பருத்திருந்தன, தடித்த இடங்களில் நுண்துளைகள் வேறு. மொத்தத்தையும் மறு உருக்கலுக்கு அனுப்பினேன்.

இப்போது 780 டிகிரியில் கட்டிகளைப் போட்டு, அடி வரை துடுப்பை இறக்கி நன்றாகக் கலக்குகிறோம். பெரிய துகள்கள் படியக் கொஞ்ச நேரம் மட்டும் விட்டு உடனே வார்க்கிறோம். தாமதமானால் மறுபடி கலக்கிவிட்டு, சோதனைத் தண்டு ஒன்றை முறித்துப் பார்த்த பிறகே தொடர்கிறோம். விளைவு மீண்டும் வந்துவிடுகிறது. எஃகு மூசையில் அதிக நேரம் வைத்தால் இரும்பும் சிர்கோனியத்தைத் தின்றுவிடும். அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஏஇசட்91 என்ற அலுமினியம் கலந்த மெக்னீசியக் கலவையை வார்ப்பவர்கள் தயவுசெய்து இதை வாங்க வேண்டாம். அதிலுள்ள 9 சதவீத அலுமினியம் சிர்கோனியத்தைச் சேர்மமாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு படிகமணிகூடச் சிறுக்காது. அந்தக் கலவைகளுக்குக் கார்பன் சேர்த்து மணிகளைச் சிறிதாக்கும் வழிதான் உண்டு. அதிலும் கார்பனுக்காகப் போடும் ஹெக்சாகுளோரோஈத்தேன் வில்லைகளை நான் தொடமாட்டேன். அந்தப் புகையை மூசை அருகே நிற்கும் ஆட்கள்தான் சுவாசிக்க வேண்டும்.

அடுத்த முறையும் இதே கட்டிகளைத்தான் வாங்குவேன். துகளின் அளவையும், எவ்வளவு நேரத்துக்குள் வார்க்க வேண்டும் என்பதையும் தாளில் அச்சிடும்படி விற்பனையாளருக்கு எழுதியிருக்கிறேன்.