டா நாங் கோல்ஃப் டூர்: சேலத்தில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

"வியட்நாம் கடற்கரையில் நாலு நாள், நாலு கோல்ஃப் மைதானம்" என்று சேலத்தில் ஒரு டிராவல்ஸ் விற்கிற டா நாங் டூரை வாங்கி ஏமாந்துவிட்டோம். ஆளுக்கு 1,45,000 ரூபாய், நாலு பேர். அதே விளம்பரம் இந்த வாரம் மறுபடியும் வாட்ஸ்அப்பில் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம். கோல்ஃப் பழக்கிவிட்டது அக்கா வீட்டுக்காரர். மாதம் ஒருமுறை மாமாவோடு கோயம்புத்தூர் போய் ஆடிவிட்டு வருவேன். நவம்பரில் பழம் பறிக்க ஆரம்பித்தால் பொங்கல் தாண்டும் வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. ஆகவே எங்களுக்குத் தோதானது அக்டோபர்தான். இதை டிராவல்ஸ்காரரிடம் முதல் நாளே சொல்லி, "அங்க மழை எப்படிங்க?" என்று கேட்டேன்.

"மே மாசம் ஆரம்பிச்சு அக்டோபர்ல குறைஞ்சிடும்ண்ணா. நம்பிப் போங்க" என்றார்.

அவர் சொன்னது ஹோ சி மின் நகரம் இருக்கிற தெற்குப் பகுதிக்கு ஓரளவு பொருந்தும். டா நாங் இருப்பது நாட்டின் நடுப்பகுதியில், கிழக்குக் கடற்கரையில். ஜூன் மாதம் கேரளாவில் கொட்டும்போது மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு மறைத்துவிடுகிறது அல்லவா, அங்கேயும் மேற்கில் ஒரு மலைத்தொடர் அப்படித்தான் நிற்கிறது. வடகிழக்குக் காற்று திரும்பினால்தான் அங்கே பெருமழை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பெய்யும், அக்டோபரும் நவம்பரும் உச்சம். நாகப்பட்டினம், கடலூர் நிலைமைதான். இதை ஒரு விவசாயி கேட்டும் மறைத்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்தது மைதானங்களை வடிவமைத்தவர்களின் பெயர்கள், எல்லாம் பேர்பெற்ற கோல்ஃப் வீரர்கள். விளம்பரத்தில் எங்களை இழுத்ததே அதுதான். கோல்ஃப் ஆடாதவர்களுக்குச் சொல்கிறேன்: மைதானத்தை அமைத்தவர் யார் என்பது ஆடுகிறவனுக்குப் பெரிய விஷயம். மணல்குழி எங்கே, மேடு எங்கே, கடல் காற்று எந்தப் பக்கமிருந்து வரும்போது எந்த ஹோலை (பந்தைப் போட வேண்டிய குழியை) ஆட வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு செய்வது. டா நாங் கடலோரத்தில் 2010இல் திறந்த டியூன்ஸ் மைதானத்தை ஆஸ்திரேலியாவின் கிரெக் நார்மன் மணல்மேடுகளின் மேலேயே அமைத்தார். அதே கிளப்பில் ஜாக் நிக்கலஸ் நிறுவனம் அமைத்த இன்னொரு மைதானமும் இருக்கிறது. ஹோய் ஆன் என்ற ஊருக்குப் போகிற வழியில் காலின் மான்ட்கோமரி அமைத்தது 2009இல் வந்தது. வடக்கே ஹை வான் கணவாயைத் தாண்டி லாங் கோ என்ற இடத்தில் நிக் ஃபால்டோவுடையது, 2013. அந்த மைதானத்தின் நடுவே நெல் வயல் இருக்கிறது. வருடம் இரண்டு போகம் அறுக்கிறார்கள், எருமைகள் வயலில் மேய்கின்றன. மாமா விரும்பியது அதைப் பார்க்கத்தான். "வயலுக்கு நடுவுல ஆடுறது எப்படி இருக்கும்னு பாத்துடணும் மாப்பிள்ளை" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் டியூன்ஸ் மைதானத்துக்குப் போய் டிராவல்ஸ் கொடுத்த வவுச்சரை நீட்டினோம். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத் தேடிவிட்டு, கணினித் திரையை எங்கள் பக்கமே திருப்பிக் காட்டினார். நார்மன் மைதானத்தில் எங்கள் பெயரில் எதுவுமே இல்லை. பக்கத்து மைதானத்தில் இரண்டு நாள், இரண்டும் மாலை மூன்று மணிக்கு மேல், குறைந்த கட்டண நேரத்தில். அங்கே அக்டோபரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். 18 ஹோல் ஆட நான்கு மணி நேரமாவது வேண்டும். முதல் நாள் ஒன்பதோடு திரும்பினோம், மறுநாள் மழை. "எல்லாம் சேர்த்துத்தான்ண்ணா" என்று டிராவல்ஸ்காரர் சொல்லியிருந்தார். ஆனால் கார்ட்டுக்கும் (மைதானத்துக்குள் ஓட்டுகிற சிறு வண்டி) கேடிக்கும் (மட்டைப் பையைத் தூக்கி வருகிறவர்) கையிலிருந்துதான் கொடுத்தோம். கிளப் மீது எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்கு வந்த பணத்துக்கு உரியதைக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் மான்ட்கோமரி மைதானம் என்று போட்டிருந்தது. வண்டி கடலுக்கு எதிர்த் திசையில் பா நா மலை அடிவாரத்துக்குப் போனது. லூக் டொனால்ட் அமைத்து 2016இல் திறந்த மைதானம், நல்ல மைதானம்தான். ஆனால் கடற்கரை என்று பணம் கட்டிப் போன ஏற்காட்டுக்காரர்கள், இன்னொரு மலையடியில் மழைக்கு ஒதுங்கி நின்றோம்.

நாலாம் நாள் லாங் கோ போக வண்டி இல்லை. நகரத்துக்குள் ஓட்டத்தான் பேச்சு, வெளியே போக 25 லட்சம் டாங் ஆகும் என்றார் ஓட்டுநர். நம் பணத்தில் எட்டாயிரத்துக்கு மேல். கொடுத்திருப்பேன். லாங் கோவுக்குப் போன் செய்தால் அங்கேயும் எங்கள் பெயரில் பதிவு இல்லை. டிராவல்ஸ்காரர் முதல் இரண்டு நாள், "அங்க உள்ள பார்ட்னர் தப்புண்ணா" என்றார். அப்புறம் எடுக்கவில்லை. மாமா மட்டும், "விடு, பாத்துக்கலாம்" என்று என்னைத் தேற்றினார்.

ஊருக்கு வந்த பிறகு இன்னொன்று தெரிந்தது. வெளிநாட்டு டூருக்கு டிராவல்ஸ் வரி பிடித்து நம் பான் எண்ணில் கட்ட வேண்டும், டிசிஎஸ் என்பார்கள். நாங்கள் பணம் கட்டியபோது 5 சதவீதம், ஆளுக்கு 7,250 ரூபாய் தனியாக வாங்கி ரசீதும் கொடுத்தார். வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தால் நாலு பேருக்கும் ஒன்றும் ஏறவில்லை. நீங்கள் இப்படி எங்காவது கட்டியிருந்தால் இன்றே பாருங்கள்.

எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது இதுதான்: டிராவல்ஸ் அடித்துக் கொடுக்கிற வவுச்சர் பதிவு ஆகாது. மைதானத்துக்கு நேராக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இன்ன தேதி, இன்ன மைதானம், இன்ன பெயர், எத்தனை மணிக்கு டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், என்று கேளுங்கள். கிரீன் ஃபீ (மைதானக் கட்டணம்), கேடி, கார்ட் மூன்றும் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிவு எண் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். டா நாங் என்றால் பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட்டுக்குள் போங்கள்.

புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் 40,000 ரூபாய் தருவதாக டிராவல்ஸ்காரர் ஆள் அனுப்பினார். மறுத்துவிட்டோம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பதிந்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாலு பேரும் தனித்தனியாக மனு கொடுத்திருக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இதே டூரில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் ரசீது, வவுச்சர், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், அடுத்த விசாரணைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.