வீராவின் பாடி பெல்ட்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

நேற்று ராணிப்பேட்டையிலிருந்து சித்தி மகன் தன் நாய் ராக்கியைப் பற்றிப் போன் செய்தான். "அக்கா, ராக்கிக்கு எட்டு மாசம் ஆயிடுச்சு. வெளிய கூட்டிட்டுப் போனா தோள்பட்டையே கழண்டுடும் போல இழுக்கறான். நீங்க வீராவுக்குப் போடற அதே பாடி பெல்ட் இப்போ 1,100 ரூபாய்க்கு வந்திருக்கு. வாங்கிடவா?"

கழுத்தை இறுக்காமல் மார்பைச் சுற்றி மாட்டும் இந்த பெல்ட்டை எங்கள் நாய் வீராவுக்கு நான் வாங்கியபோது 1,850 ரூபாய். இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. சட்டென்று வாங்கு என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இரவெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. எழுதிவிடுகிறேன்.

வீரா ராஜபாளையம் நாய். மூன்று வயது, 31 கிலோ. நாங்கள் இருப்பது காட்பாடி காந்தி நகரில். ஒரு வயதுவரை கழுத்து பெல்ட்டும் சங்கிலியும்தான். அப்போது காலையில் அம்மாதான் கூட்டிப்போவார். ஒருநாள் தெருமுனையில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே போக, வீரா பாய, சங்கிலியை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்த அம்மா அப்படியே குப்புற விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவனை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும் அந்த நாட்களில்தான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுப்போட்ட கையோடு அவனுக்குச் சோறு பிசைந்து வைத்தார்.

நாய் விற்பனைக் கடையில் சுருக்குச் சங்கிலி போடச் சொன்னார்கள். இழுத்தால் கழுத்தை இறுக்கும், வலித்தால் அடங்கும் என்றார்கள். ஒரு வாரம் போட்டேன். வீரா இருமிக்கொண்டே இழுத்தான். மூச்சுக்குழாய் இருக்கிற இடத்தில் இறுக்குகிறோம் என்று புரிந்த அன்றே அதைக் கழற்றி எறிந்தேன். தயவுசெய்து யாரும் அதை வாங்காதீர்கள். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறும் பெரிய நாய்க்கு வேண்டாம். அதில் எப்போதும் ஒரு இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். இழுத்தால் தூரம் போகலாம் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும்.

அதற்கப்புறம் வந்ததுதான் இந்த பாடி பெல்ட். முதுகில் ஒரு வளையம், மார்புக்கு முன்னால் ஒரு வளையம். முன் வளையம்தான் முக்கியம். முதுகு வளையத்தில் கயிற்றை மாட்டினால் வண்டி இழுக்கும் மாட்டுக்கு நுகத்தடி வைத்த மாதிரி, மொத்த உடம்பையும் போட்டு இழுக்க அவனுக்கு வசதியாகிவிடும். பின்னால் இழுபடும் நாய் பெரும்பாலும் முன்னால் தள்ளத்தான் பார்க்கும். முன் வளையத்தில் மாட்டினால் கதை வேறு. அவன் பாய்ந்தால் கயிறு மார்பைப் பக்கவாட்டில் திருப்பும், அவன் நம்மைப் பார்த்து நிற்பான். முதல் நாள் அதைப் பார்த்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. 31 கிலோ நாய், ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்தவன், அரை வட்டம் அடித்து என் முகத்தைப் பார்த்தான்.

ஆனால் பெல்ட் மட்டும் இதைச் செய்யவில்லை. கயிறு இறுகிய நொடியில் நான் நின்றுவிடுவேன். அவன் திரும்பிப் பார்த்துக் கயிறு தொய்ந்தால் மட்டும் அடுத்த அடி. என் இடது கால் பக்கத்தில் வந்தால் அவித்த கோழி ஈரல் ஒரு துணுக்கு. முதல் மூன்று வாரம் எங்கள் தெருவைக் கடக்கவே இருபது நிமிடம் ஆனது. பால் வாங்கப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான்காவது மாதம் அம்மா மறுபடி கயிற்றைக் கையில் பிடித்தார், இந்த முறை சுற்றாமல். அதற்காகவே இந்த பெல்ட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

இப்போது இந்த பெல்ட்டின் குறை: ஸ்லைடர்.

மார்புப் பட்டையின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்லைடர் வைத்திருக்கிறார்கள். நாடா வழவழப்பான நைலான். இரண்டும் ஒன்றையொன்று பிடிப்பதே இல்லை. வீட்டு வாசலில் இறுக்கிவிட்டுக் கிளம்பினால், பத்து நிமிடத்தில் மார்புப் பட்டை தொய்ந்து, முன் வளையம் ஒரு பக்கமாகச் சரிந்து, பட்டை தோளுக்குக் கீழே இறங்கி முன்னங்காலைத் தட்டும். எச்சிலோ மழையோ பட்டு நாடா நனைந்தால் இன்னும் வேகமாக வழுக்கும். போன தை மாதம் வரைக்கும் ஒவ்வொரு நடைக்கும் குறைந்தது இரண்டு முறை நடுரோட்டில் குனிந்து, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்த ஸ்லைடரை ஏற்றியிருக்கிறேன். சரியான அளவில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். தினமும் அந்தக் கோடு ஸ்லைடரை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி நிற்கும். ரப்பர் பேண்ட் சுற்றினேன், அறுந்தது. ஊக்கு குத்தினேன், அது திறந்துகொண்டால் அவன் மார்பில் குத்துமே என்ற பயத்தில் அன்றைக்கே எடுத்துவிட்டேன். தயாரித்தவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். நாயின் அளவைத் தவறாக எடுத்திருப்பீர்கள் என்று பதில் வந்தது. அளவு நாடாவோடு மூன்று முறை அளந்தவள் நான்.

ராஜபாளையத்துக்கு இது வெறும் தொல்லை இல்லை, ஆபத்து. ஆழமான மார்பு, ஒடுங்கிய இடுப்பு, கழுத்துக்கு ஏறக்குறைய சமமாகச் சிறுத்த தலை. பின்னால் நகர்ந்து நெளிந்தால் தளர்ந்த பெல்ட்டிலிருந்து வெளியே வந்துவிடும். போன தை மாதம் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். மாடு விடும் விழாவுக்குப் பழக்குகிற காளை ஒன்று மண்பாதையில் ஓடி வந்தது, பின்னாலேயே பையன்கள் கத்திக்கொண்டு. வீரா முதலில் பாய்ந்தான். பெல்ட் திருப்பியது, நின்றான். பிறகு பயந்து பின்வாங்கினான். தொய்ந்திருந்த மார்புப் பட்டைக்குள் வலது கால் நுழைந்து வெளியே வர, பெல்ட் காது வரைக்கும் ஏறிவிட்டது. நான் மண்ணில் மண்டியிட்டு அவன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். காளை கடந்து போகும்வரை அவன் நெஞ்சு என் காதில் அடித்தது இன்னும் கேட்கிறது. அன்றிலிருந்து கழுத்து பெல்ட்டையும் பாடி பெல்ட்டையும் சேர்த்து ஒரு சின்னக் கொக்கி மாட்டாமல் அவனை வெளியே கூட்டிப்போவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பெல்ட்டை வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பை தைக்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப்போனேன். முன்பு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைத்தவர். நாடாவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது வழுக்கத்தாம்மா செய்யும். நெசவு அப்படி" என்றார். பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே பல் வைத்த இரும்பு ஸ்லைடர் போட்டார். அது ஓடும் இடத்தில் மட்டும் சொரசொரப்பான பருத்தி நாடாவை மேலே வைத்து, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்கே இரண்டு ஓட்டம் விட்டார். அக்குளில் உரசும் விளிம்புக்கு மெல்லிய ஆட்டுத்தோல் மடித்துத் தைத்தார். வீராவின் வெள்ளை முடிக்குக் கீழே தோல் இளஞ்சிவப்பு. அங்கே வெயில் காலத்தில் எப்போதும் ஒரு சிவந்த கோடு இருக்கும் என்று நான் சொன்னதைக் கேட்டு, நான் கேட்காமலே செய்தது அது. மொத்தம் 120 ரூபாய். அரை மணி நேரம்.

அதற்குப் பிறகு நான் நடுரோட்டில் ஒருமுறைகூடக் குனியவில்லை. சித்திரையில் அந்தச் சிவந்த கோடும் வரவில்லை. கத்திரி வெயில் நாட்களில் காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவோம். மாலை ஏழு மணிக்குக்கூட இந்த ஊர்த் தார் ரோட்டில் சூடு முழுசாக இறங்கியிருக்காது.

கொக்கிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. துணி வெளுக்கவில்லை. வளையங்கள் துருப்பிடிக்கவில்லை. இழுப்பது அநேகமாக நின்றேவிட்டது. இத்தனையும் உண்மை. ஆனாலும் தம்பி, வாங்காதே. 1,100 இல்லை, 500 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம். 120 ரூபாயில் சரியாகிற ஒரு குறையை விட்டுவைத்து, கேட்டவளிடம் உன் அளவுதான் தப்பு என்று சொன்னவர்களுக்கு உன் காசு போவதில் எனக்கு இஷ்டமில்லை.

முன் வளையம் உள்ள பாடி பெல்ட் வேறு எத்தனையோ இருக்கின்றன. ஸ்லைடர் இரும்பா என்று பார். நாடாவை நனைத்து இழுத்துப் பார். ஞாயிற்றுக்கிழமை ராக்கியைக் கூட்டிக்கொண்டு வா, வீராவின் பெல்ட்டைப் போட்டு இரண்டு தெரு நடந்து பார்க்கலாம். ஈரல் நான் அவித்து வைக்கிறேன். அதற்கப்புறம் அந்தப் பெரியவரிடம் போவோம். ராக்கியின் மார்பளவை அவரே எடுக்கட்டும்.