ஆக்சிலுக்கு டிரஸ் வைக்கப் போய் ஹவுசிங்கை வளைத்துக்கொண்டு வந்தேன்: பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனிக்க

ஏற்காட்டில் நாகலூர் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் காபி, மிளகு இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு தோட்டம்வரை பாறையும் சேறும்தான். பழைய ஃபோர் வீல் பிக்கப்பில் மூட்டை ஏற்றி அந்தப் பள்ளங்களில் விழுந்து எழுந்தால் பின் ஆக்சில் ஹவுசிங், அதாவது பின் சக்கர ஷாஃப்டுகளை மூடியிருக்கும் இரும்புக் குழாய், என்றைக்காவது வளையும் என்று பயம். டிரஸ் என்கிற தாங்கு இரும்பை அதன்மேல் வெல்டு வைத்து முன்னாடியே பலப்படுத்திவிடலாம் என்று சேலம் பைபாஸ் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

"ஷாஃப்டெல்லாம் உருவிட்டு, ஹவுசிங்க தனியா இறக்கி, மேல ஆறு எம்எம் பிளேட்டுல டிரஸ் வெச்சு, லேத்துல நேர் பாத்துதாங்ணா மாட்டுவோம். கூட ஒரு பட்டையும் சேத்திரலாம்" என்றார் மேஸ்திரி. பட்டை என்றால் பின் ஸ்பிரிங்கில் இன்னொரு அடுக்கு. 18,500 ரூபாய். காலையில் விட்ட வண்டி சாயங்காலமே ரெடி. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வேறு. நசுக்கிவிட்டுச் சந்தோஷமாக மலையேறினேன்.

முதலில் பின்னாலிருந்து ஒரு முனகல், வேகம் கூடக்கூட அதுவும் கூடியது. மூன்றாவது வாரம் வலது பின் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் மிளகு மூட்டையோடு சேலம் இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பின்பக்கம் பிடிக்கவே இல்லை. இரண்டாவது கியரிலேயே உருட்டி அடிவாரம் சேர்த்தேன். கழுவியது போலச் சட்டை நனைந்திருந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த ஒரு லேத்துக்காரர் பின் பிரேக் டிரம்மைக் கழற்றினார். பிரேக் லைனிங் முழுக்க கியர் ஆயில். ஹவுசிங்கின் பெயிண்டைச் சுரண்டினார். வெல்டிங் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பாகப் புழு போல ஓடியிருந்தது. "இதான்" என்றார். வெல்டு ஆறும்போது சுருங்கும். மேல்பக்கம் மட்டும் ஒரே மூச்சில் நீளமாகப் போட்டால் சுருங்குகிற பக்கம் ஹவுசிங்கை இழுத்து இரண்டு முனையையும் மேலே தூக்கிவிடும். சக்கரம் உள்பக்கம் சாய்கிறது, ஷாஃப்டுக்கும் ஆயிலை அடைக்கும் சீலுக்கும் மையம் தப்புகிறது, ஆயில் கசிகிறது. துண்டு துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு, உள்ளே நேர்க்கம்பி கோத்துப் போட வேண்டிய வேலையாம் இது. உருளை இரும்பு ஒன்றை ஹவுசிங்குக்குள் நுழைத்து, டார்ச் அடித்து என்னையே பார்க்கச் சொன்னார். ஒரு முனையில் சுண்டுவிரல் நகம் நுழையும் இடைவெளி.

ஷாஃப்டை அவர்கள் உருவவே இல்லை. வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை எங்கேயோ தூரத்தில் மாட்டியிருக்கிறார்கள். கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி. முனகல் அதுதான். சேர்த்த பட்டை இன்னொரு வம்பு. பின்பக்க உயரத்தை வைத்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும் வால்வு ஒன்று என் வண்டியில் உண்டு. பட்டை போட்டு வண்டியைத் தூக்கியவர்கள் அதன் கம்பியைத் திருத்தவில்லை. மூட்டை ஏற்றியிருந்தும் வண்டி காலி என்று நினைத்து அது பிரேக்கைக் குறைத்திருக்கிறது. இந்த வால்வு விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. பட்டை சேர்த்த யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

பட்டறைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "மலை ரோட்ல ஓட்டுனா அப்படித்தாங்ணா ஆகும்" என்றார் மேஸ்திரி. மலை ரோட்டுக்காகத்தானே ஐயா டிரஸ்!

நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம், 2 வருடம் அவகாசம் உண்டு என்று மகன் சொன்னான். சரி, பில் எடு என்றான். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் "ஆக்சில் வேலை 18,500" என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. பட்டறைப் பெயர் இல்லை, வண்டி நம்பர் இல்லை, கையெழுத்தும் இல்லை.