கோல்பேர், நோவா: யார் தொடக்கத்தை முதலில் பார்க்கலாம்?

2015 செப்டம்பரில் அமெரிக்காவின் இரண்டு இரவு நேர நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தொகுப்பாளர் நாற்காலி கைமாறியது: ‘தி லேட் ஷோ’ ஸ்டீபன் கோல்பேருக்கு, ‘தி டெய்லி ஷோ’ டிரெவர் நோவாவுக்கு. எதைத் தேடிப் பார்ப்பது என்று குழம்புகிறவர்களுக்காக:

நேரம்: ஸ்டீபன் கோல்பேர் ஒரு மணி நேரம். டிரெவர் நோவா அரை மணிதான்.

சுமை: கோல்பேருக்கு, டேவிட் லெட்டர்மன் 22 ஆண்டுகள் அமர்ந்த இடம். நோவாவுக்கு, ஜான் ஸ்டூவர்ட்டின் 16 ஆண்டுகள். நோவாவின் பாரமே அதிகம் என்பேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து, அமெரிக்க அரசியலை அமெரிக்கர்களிடமே கிண்டல் செய்ய வேண்டுமே!

முதல் நாள்: கோல்பேர் ஊர் ஊராக நின்று தேசிய கீதம் பாடுகிறார், கடைசியில் பேஸ்பால் நடுவர் முகமூடியைக் கழற்றினால், உள்ளே ஸ்டூவர்ட். விருந்தினர் நடிகர் ஜார்ஜ் குளூனி, அரசியல்வாதி ஜெப் புஷ். நோவாவுக்கு நகைச்சுவை நடிகர் கெவின் ஹார்ட்.

நீடிப்பு: நோவா 2022 டிசம்பரில் விலகிவிட்டார். கோல்பேர் நிகழ்ச்சியை 2026 மே மாதத்தோடு முடிப்பதாக 2025 ஜூலையில் சிபிஎஸ் தொலைக்காட்சி அறிவித்தது.

தூங்கப் போகும் முன் சுருக்கமாகச் செய்தியும் சிரிப்பும் போதுமென்றால் நோவா. மனம் விட்டுப் பேசும் பேட்டி வேண்டுமென்றால் கோல்பேர்: முதல் வாரத்திலேயே ஜோ பைடன் வந்து, சில மாதங்களுக்கு முன் இறந்த மகனைப் பற்றிப் பேசினார். பத்து வயதில் விமான விபத்தில் தந்தையையும் இரண்டு அண்ணன்களையும் இழந்த கோல்பேர் எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.