ஓஃபுல்ஸை எந்தப் படத்தில் தொடங்குவது: ‘லீபலை’யா, ‘லா சிஞ்ஞோரா தி துத்தி’யா?

1902இல் ஜெர்மனியின் சார்ப்ருக்கனில் யூதக் குடும்பத்தில் பிறந்த மாக்ஸ் ஓஃபுல்ஸ், நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த இயக்குநர். இரண்டு படங்களும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

எடுத்த சூழல்
லீபலை (1933): ஜெர்மன் மொழி, ஆஸ்திரிய எழுத்தாளர் ஷ்னிட்ஸ்லரின் நாடகம். நாஜிகள் ஆட்சிக்கு வந்து, ரைக்ஸ்டாக் (ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம்) தீக்கிரையான பிறகு ஓஃபுல்ஸ் பிரான்சுக்குப் போய்விட்டார். படம் ஜெர்மனியில் ஓடியது, அவர் பெயர் இல்லாமல்.
சிஞ்ஞோரா (1934): இத்தாலிய மொழி. பதிப்பாளர் ரிட்சோலி பணம் போட்டார். நாயகி இசா மிராண்டா.

கதை சொல்லும் முறை
லீபலை: நேர்கோடு. வியன்னா ராணுவ அதிகாரி, இசைக்கலைஞரின் மகள், பழைய கள்ள உறவு, இருவர் முறைவைத்துச் சுடும் துப்பாக்கிச் சண்டை.
சிஞ்ஞோரா: தற்கொலைக்கு முயன்ற நடிகை மயக்க மருந்தில் கிடக்க, கடந்த காலம் விரிகிறது. முதல் பத்து நிமிடம் தவறினால் யார் யாரென்று குழம்பும்.

ஒலி
லீபலை: சண்டை திரையில் வராது. ஒரு வெடிச்சத்தம், பதில் வெடிக்காகக் காத்திருக்கிறார்கள், வரவில்லை. அவ்வளவுதான், புரிந்துவிடும். பேசும்படம் வந்து சில ஆண்டுகளே ஆன காலத்தில் மௌனத்தை இப்படிப் பயன்படுத்தியது சாதாரணமில்லை.
சிஞ்ஞோரா: சுழலும் இசைத்தட்டில் தொடக்கம். பின்னால் ஒரு வானொலி இசையே குற்றவுணர்வாகத் துரத்தும், கொஞ்சம் மிகை.

கேமரா
கேமராவை நகர்த்துவதில் சிஞ்ஞோராவில்தான் துணிச்சல் அதிகம்.

முதன்முறை பார்ப்பவருக்கு லீபலை. ஓஃபுல்ஸின் பிற்காலப் படங்களை ஏற்கெனவே பார்த்து, அந்த நகரும் கேமராவின் வேரைத் தேடுபவருக்கு சிஞ்ஞோரா.